மகனுக்காக அம்மா மறுபடி ஞானஸ்நானம் எடுக்கலாமா?

கேள்வி: யாங்கோனில் மூன்று தலைமுறையாக நாங்கள் கத்தோலிக்கர்கள். வருஷம் தவறாமல் நியாங்லெபின் மாதா திருவிழாவுக்குப் போகிற குடும்பம். என் தம்பி இப்போது ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்திருக்கிறான். எழுபது வயது அம்மாவைப் பார்த்து, "நீங்க இன்னும் இரட்சிக்கப்படலை. குழந்தையில தண்ணி ஊத்தினது ஞானஸ்நானமே இல்லை. பூசை, செபமாலை எல்லாம் மனுஷன் செய்யற கிரியை, அதால இரட்சிப்பு வராது" என்கிறான். அடுத்த மாதம் நடக்கிற முழுக்கு ஞானஸ்நானத்துக்கு அம்மாவின் பெயரையும் கொடுத்துவிட்டான். "இத்தனை வருஷம் செபிச்சது வீணா? அவன் சந்தோஷத்துக்காக முழுகிடட்டுமா?" என்று அம்மா அழுகிறார். எதுதான் உண்மையான சுவிசேஷம்?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பட்டியலிலிருந்து அம்மாவின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கத்தோலிக்கர்களுக்குச் சாதகமாக நான் இதைச் சொல்லவில்லை. தம்பியின் சபை குழந்தை ஞானஸ்நானத்தை ஏன் ஏற்பதில்லை? தானாக விசுவாசித்து, தன் வாயால் அறிக்கையிட்டவர்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதால். அப்படியானால், மகன் மனம் நோகக்கூடாதே என்று முழுகுகிற தாயின் ஞானஸ்நானம் எப்படிச் செல்லும்? கைக்குழந்தைக்கு நடப்பது தெரியாது. அம்மாவுக்கோ, தன் மனசு ஒப்பவில்லை என்பது நன்றாகவே தெரியும். இந்தப் பக்கம், "ஒரே திருமுழுக்கை ஏற்றுக்கொள்கிறேன்" என்று, அதாவது ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்று, பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லி வந்தவர் அவர். ஆக, இரண்டு பக்கத்து உபதேசப்படியும் இது கூடாது. தம்பியிடம் அவன் சபையின் நியாயத்தை வைத்தே கேளுங்கள்.

சரி, அந்தக் 'கிரியை' குற்றச்சாட்டுக்கு வருவோம். இத்தனை நவநாள் (ஒன்பது நாள் செபம்) முடித்தால் இன்னது கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிற கத்தோலிக்க வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் திருச்சபையின் போதனை அது இல்லை. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கு மறுப்புச் சொல்லக் கூட்டப்பட்ட கத்தோலிக்கத் திரிதெந்து சங்கமே 1547-ல், நீதிமானாக்கும் கிருபையை நாம் முன்னதாகச் செய்யும் எந்தக் கிரியையும் சம்பாதித்துத் தராது என்று எழுதி வைத்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் உலக லூத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதே அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் சேரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. உங்கள் தம்பிக்கு இரட்சிப்பு என்பது அநேகமாகத் தேதி சொல்லக்கூடிய ஒரு நாள். சாட்சி சொல்லும்போது அதைத்தான் சொல்வான். அம்மாவுக்கு அது திருமுழுக்கில் தொடங்கி, நற்கருணை, பாவசங்கீர்த்தனம் என்று சாகும்வரை தொடர்வது; சாவான பாவத்தால் இழக்கவும் கூடும். கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்று அவன் ரோமர் 3:28-ஐ எடுத்தால், விசுவாசத்தால் மட்டுமல்ல, கிரியைகளாலும்தான் என்று பங்குச்சாமியார் யாக்கோபு 2:24-ஐ எடுப்பார். இரண்டும் ஒரே பைபிளில்தான் இருக்கின்றன. பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா என்று தம்பியின் பாஸ்டரையும், அவரைப் போலவே விசுவாசித்தவர்களுக்கு மட்டும் முழுக்கு கொடுக்கிற ஒரு பாப்டிஸ்ட் போதகரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். பாப்டிஸ்டுகளில் பலர் முடியாது என்பார்கள். பெந்தெகொஸ்தேயினரில் பலர் முடியும் என்பார்கள்.

நம் பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் கதையைத் தம்பிக்கு ஞாபகப்படுத்துங்கள். 1812 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறும்போது அவர் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கிற சபைக்காரர். இந்தியாவில் பாப்டிஸ்ட் மிஷனரிகளைச் சந்திக்க வேண்டியிருக்குமே, பதில் சொல்ல வேண்டுமே என்று வழியில் வேதத்தைப் படிக்க, அவர் நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது. கூட வந்தவர் புது மனைவி ஆன். "நீங்கள் பாப்டிஸ்ட் ஆனாலும் நான் ஆக மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்! அப்புறம் அவரும் தானே படித்து யோசித்துத்தான் மனம் மாறினார். செப்டம்பரில் கல்கத்தாவில் இருவரும் முழுக்கு எடுத்தார்கள். மறு வருஷம் ஜூலையில் ரங்கூனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனின் பெயரை யாரும் முன்கூட்டிப் பட்டியலில் எழுதவில்லை.

அம்மா கேட்ட 'வீணா' என்ற கேள்வியைப் பங்குச்சாமியாரிடம் தள்ளிவிடாதீர்கள். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். செபமாலையில் அவர் சொல்கிற "அருள் நிறைந்தவரே", "பெண்களுக்குள் ஆசி பெற்றவர் நீரே" என்பவை லூக்கா முதல் அதிகாரத்தில் இருக்கின்றன. தியானிக்கிற மறைபொருள்களில் பெரும்பாலானவை இயேசுவின் பிறப்பும் பாடும் உயிர்ப்பும்தான். அப்புறம் லூக்கா 23-ஐ எடுத்து, சிலுவையில் தொங்கிய கள்வனின் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். முழுக்கும் இல்லாமல், செபமாலையும் இல்லாமல், "என்னை நினைத்தருளும்" என்று மட்டும் கேட்டவனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்தது. அதைக் கோவிலில் எத்தனையோ தடவை கேட்டவர் அவர். இப்போது தனக்காகக் கேட்கட்டும்.

தம்பியை விரட்ட வேண்டாம். தாய் நரகத்துக்குப் போய்விடுவாளோ என்ற பயம்தான் அவனை இப்படிப் பேசவைக்கிறது. வாரம் ஒருநாள் அம்மாவோடு சுவிசேஷம் வாசிக்க வரச் சொல்லுங்கள். தேதி, பட்டியல் பேச்சு மட்டும் எடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்படி வாசித்து, அம்மாவே ஒருநாள் "நான் முழுகுகிறேன்" என்று சொன்னால், அப்போது நீங்களும் குறுக்கே நிற்கக் கூடாது.