சொன்னது மறந்த பிறகும் அழுகை ஏன் நிற்பதில்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. தினமும் மாலையில் "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்கிறார். அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. உண்மையைச் சொன்னால் அப்போதுதான் கேள்விப்படுவதுபோல அழுகிறார். பத்து நிமிடத்தில் நான் சொன்னது மறந்துபோகிறது. ஆனால் வெகுநேரம் முகம் வாடியே இருக்கிறது, போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். "ஏம்மா அழற?" என்று கேட்டால் "தெரியல" என்கிறார். "எப்படியும் மறந்துடுவாங்க, உண்மையையே சொல்லிடு" என்கிறார் அண்ணன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வதில் பாதிதான் சரி. சொன்ன செய்தி மறந்துவிடும். அந்தச் செய்தி கிளப்பிவிட்ட துக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நடந்ததை நினைவில் வைப்பதும், அதனால் வந்த உணர்வைத் தாங்கி நிற்பதும் மூளையில் பெரும்பாலும் வேறு வேறு பகுதிகளின் வேலை. இந்த நோய் முதலில் கைவைப்பது நினைவு வைக்கும் பகுதியில்.

அந்தப் பகுதிகள் இருக்கும் இடத்துக்குப் பெயர் லிம்பிக் மண்டலம். மூளைத்தண்டின் மேல்முனையைச் சுற்றி, பெருமூளையின் உள்விளிம்பில் அமைந்திருக்கிறது. லத்தீனில் 'லிம்பஸ்' என்றால் ஓரம், கரை. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1878-இல் இந்தப் பகுதிக்கு அந்தப் பெயரை வைத்தார். 'லிம்பிக் மண்டலம்' என்று 1952-இல் சொன்னவர் பால் மெக்லீன். இதில் எதையெல்லாம் சேர்ப்பது என்று மூளை ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் கேள்விக்கு அதில் இரண்டு உறுப்புகள் போதும்.

ஒன்று ஹிப்போகேம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, கடல்குதிரை போல வளைந்து கிடக்கும். இன்று காலை யார் வந்தார்கள், சற்றுமுன் என்ன சொன்னார்கள் என்று புதிய நிகழ்ச்சிகளைப் பதிய வைப்பது இதுதான். அதன் முன்நுனியை ஒட்டியே பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா இருக்கிறது. பயம், அச்சுறுத்தல், 'இது எனக்கு முக்கியம்' என்ற உணர்வு இவற்றில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நல்ல உடல்நிலையில் இரண்டும் கைகோத்து வேலை செய்யும். அமிக்டலா பரபரப்பானால் பக்கத்திலிருக்கும் ஹிப்போகேம்பஸ் அந்த நேரத்தை அழுத்தமாகப் பதியும். அதனால்தான் ஒரு விபத்து நடந்த நாள் வருடக்கணக்கில் நினைவிருக்கிறது, அதற்கு முந்தின நாள் சுத்தமாக நினைவில் இல்லை.

அல்சைமரில் ஹிப்போகேம்பஸும் அதற்கு வாசல் போன்ற பகுதியும் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகின்றன. அப்போது என்ன ஆகும் என்பதற்கு மிகப் பழைய ஒரு சோதனை உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் எடுவார்ட் கிளாபரேட் 1911-இல் எழுதி வைத்தது. அவருடைய நோயாளியான ஒரு பெண்ணுக்கு, அல்சைமரால் அல்ல, வேறொரு நோயால் புதிதாக எதுவும் மனதில் நிற்காது. தினமும் பார்க்கும் மருத்துவரையே ஒவ்வொரு முறையும் புது ஆளாகத்தான் பார்ப்பார். கிளாபரேட் ஒருநாள் தன் விரல்களுக்கிடையே ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவருடைய கையைப் பிடித்தார். குத்தியது, சிறிது நேரத்தில் மறந்தும்போனது. அப்புறம் ஒருமுறை மருத்துவர் கையை நீட்டியதும் அந்தப் பெண் சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. விடாமல் கேட்டபோது, 'சில பேர் கையில் ஊசி வைத்திருப்பார்கள் இல்லையா' என்ற பாணியில்தான் பதில் வந்தது. குத்தியவர் இவர்தான் என்பது கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. இன்று ஒரு நோயாளியிடம் யாரும் இப்படிச் செய்யக்கூடாது. ஆனால் உங்கள் அம்மாவின் "தெரியல" என்ற பதிலைப் படித்ததும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதை இன்னும் கவனமாகச் சோதித்தார்கள். 2014-இல் வெளியான ஆய்வில் அல்சைமர் உள்ள 17 பேருக்கும், நோய் இல்லாத 17 பேருக்கும் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியானவற்றையும் போட்டுக் காட்டினார்கள். நோயாளிகளுக்குப் படம் சீக்கிரமே மறந்தது, ஆனால் அது தந்த உணர்வு நீடித்தது. இன்னொன்றும் தெரியவந்தது: படத்தை எவ்வளவு குறைவாக நினைவு வைத்திருந்தார்களோ, சோகம் அவ்வளவு நேரம் நீடித்தது.

இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அமிக்டலா தட்டி எழுப்பியதும், மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி வழியாக உடம்பு முழுக்கச் செய்தி போகிறது, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் கூடிய கார்டிசால் பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காரணம் மறந்துவிட்டது, உடம்போ இன்னும் துக்கத்தில் இருக்கிறது. நமக்கு என்றால் "அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு, கஷ்டப்படாமல்தான் போனார்" என்று நமக்கு நாமே சொல்லித் தேற்றிக்கொள்வோம். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அப்படித்தான் அமிக்டலாவை அடக்குகிறது. அம்மாவுக்குத் தேற்றிக்கொள்ளப் பிடி எதுவும் கையில் இல்லை.

சரி, மாலையில் அந்தக் கேள்வி வரும்போது என்ன சொல்வது? தினமும் மரணச் செய்தியைச் சொல்லாதீர்கள். "கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வாசலைப் பார்த்துக் காத்திருக்க வைக்கும், அந்தத் தவிப்பும் ஒரு வேதனைதான். கேள்விக்குள் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள். "அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா? அவரை முதல்ல எங்க பார்த்த, சொல்லேன்." பழைய நினைவுகள் வருடக்கணக்கில் மூளையின் புறணியில், அதாவது வெளியடுக்கில், ஊறிப்போனவை, ஹிப்போகேம்பஸை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. அதனால் அங்கே அம்மாவால் தடுமாறாமல் நடக்க முடியும். பேசிக்கொண்டே இருக்கும்போது கேள்வி தானாக இறங்கிவிடுவதும் உண்டு. ஆனால் ஒருநாள் அவரே நேராக "அவர் இறந்துட்டாரா?" என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று ஒரு முறை சொல்லுங்கள், அழுகை அடங்கும்வரை எழுந்து போகாதீர்கள்.

கேள்வி மாலையில் வருவதையும் கவனியுங்கள். வெளிச்சம் மங்கும் நேரம், களைப்பு, பசி, சிறுநீர் அவசரம், சொல்லத் தெரியாத வலி எல்லாம் சேர்ந்து அப்போது பதற்றத்தைக் கூட்டும். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள்.

"நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று யாரையும் கேட்க விடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பதில் தெரியாமல் விழித்த அவமானம், கேள்வி மறந்த பிறகும் தங்கும். எதிரில் வந்து நின்று "நான்தாம்மா, வந்துட்டேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒருநாள் பொறுமையிழந்து கத்திவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். விளக்கம் சொல்லிச் சரிசெய்ய முடியாது. குரலாலும் தொடுதலாலும் முடியும். அயோவா ஆய்வில் மகிழ்ச்சியும் அப்படித்தான் நீடித்தது. நீங்கள் அருகில் இருந்ததை மறந்தாலும், அந்த நேரம் தந்த நிம்மதி அம்மாவிடம் இருக்கும். பழகிய பாட்டுகள் இதற்கு மிகவும் உதவும். வாசனைகளை நம்ப வேண்டாம், இந்த நோயில் முகரும் சக்தி சீக்கிரமே குறையும்.

ஒரு எச்சரிக்கை. அமிக்டலாவும் இந்த நோயிலிருந்து தப்புவதில்லை, நோய் முற்ற முற்ற அந்தப் பாதிப்பு கூடும். காரணமில்லாத பயம், சந்தேகம், எதிலும் பற்றில்லாமை வரலாம். அது உங்கள் கவனிப்பின் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஓரிரு நாளிலேயே திடீரென்று குழப்பம் கூடினால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், இல்லாததைப் பார்த்தால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை இவற்றில் ஒன்று காரணமாக இருக்கக்கூடும். சோர்வும் சாப்பாடு வேண்டாமென்பதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாகவும் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

இன்று மாலை அம்மா போர்வை நுனியைச் சுருட்ட ஆரம்பித்தால் ஏன் அழுகிறார் என்று கேட்காதீர்கள். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கைக்கு மடிக்க ஒரு துண்டைக் கொடுங்கள். இன்னொன்றை நீங்கள் மடியுங்கள்.