சோற்றை வடிக்கலாம், வடிகட்டலாமா?

கேள்வி: பெங்களூரில் இருக்கிறேன். சமையல் காணொளிகளுக்குத் தமிழில் வரிகள் எழுதுகிறேன். ஒன்றில் ‘சோற்றை வடிகட்டவும்’ என்று போட்டதைப் பார்த்துவிட்டு, ‘சோத்த என்ன காப்பி ஃபில்டர்லயா ஊத்தப் போற?’ என்று மாமியார் சிரித்தார். வடித்தல், வடிகட்டுதல், இறுத்தல், இறைத்தல் எல்லாம் ஒரே பொருள்தானே? எதை எங்கே போடுவது? ‘வடையை எண்ணெய் வடித்து எடுக்கவும்’ என்று எழுதியிருப்பதாவது சரியா?

மாமியார் சிரித்ததில் தப்பில்லை. நான்குமே ஒன்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கிற வேலைதான். ஆனால் எதைக் கொண்டு பிரிக்கிறோம், நீர் எந்தப் பக்கம் போகிறது, கடைசியில் நமக்கு வேண்டியது எது என்பதைப் பார்த்துத்தான் தமிழில் சொல் மாறும்.

முதலில் வடித்தல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘சோறு வடிச்சாச்சா?’ என்று கேட்கிறோம். ‘கஞ்சியை வடி’ என்றும் சொல்கிறோம். பானையில் நிற்பதற்கும் அதே வினை, பானையை விட்டுப் போவதற்கும் அதே வினை. செய்கிற வேலையைக் கவனித்தால் ஏன் என்று புரியும். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். நடுவில் அரிசி தட்டுப்படவில்லை என்றால், பானை வாயில் வடிதட்டை வைத்துத் துணியோடு சேர்த்துப் பிடித்துச் சாய்க்கிறோம். முதலில் கஞ்சி கொழகொழவென்று கொட்டும், அப்புறம் நூலாக இறங்கும், அப்புறம் சொட்டும். சொட்டு நிற்கும்வரை பானை சாய்ந்தபடியே இருக்கும். தானாக, மெதுவாக, கீழ்நோக்கிப் போக விடுவதுதான் வடிப்பது. சாப்பிட சோறு வேண்டும், காட்டன் புடவைக்குப் போட கஞ்சி வேண்டும். இரண்டுமே ஒரே சாய்ப்பில் கிடைக்கின்றன, சொல்லும் ஒன்றாகவே இருந்துவிட்டது.

வடிகட்டுவதற்குத் துணியோ சல்லடையோ குறுக்கே வேண்டும். பெரும்பாலும் நமக்கு வேண்டியது கீழே இறங்கிய நீர். மேலே நிற்பது சக்கை, திப்பி, தூசி. டீ, கஷாயம், புளிக்கரைசல் எல்லாம் இந்த வகை. ‘வடிகட்டின பொய்’ என்று திட்டுவதும் இதை வைத்துத்தான்: கலப்பே இல்லாத பொய். ‘ஊறிய அரிசியை வடிகட்டி’ என்று எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதற்காகச் சண்டைக்குப் போக மாட்டேன்; நானாக இருந்தால் ‘தண்ணீரை வடித்துவிட்டு’ என்பேன். ஃபில்டர் காபி மட்டும் தனி ரகம். டிகாக்ஷனை யாரும் வடிகட்டுவதில்லை, அது ‘இறங்கும்’. ‘டிகாக்ஷன் இறங்கிடுச்சா?’ என்றுதான் காலையில் குரல் வரும்.

இறுத்தல் அருமையான சொல், புழக்கம் குறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. கலங்கலை அசைக்காமல் வைத்து, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் அலுங்காமல் சாய்த்து எடுப்பது இறுத்தல். துணி கிடையாது, சல்லடை கிடையாது, பொறுமைதான் கருவி. சுண்ணாம்பைக் கரைத்து இரவெல்லாம் வைத்துக் காலையில் தெளிவை எடுப்பது, வெண்ணெய் உருக்கியதும் கசண்டு அடியில் தங்க நெய்யை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது இரண்டுமே இறுப்பதுதான். எழுதும்போது றகரத்தைக் கவனியுங்கள். ‘இருத்து’ என்று போட்டால் நெய்யை நாற்காலியில் உட்கார வைத்ததாகிவிடும். இதேபோல இறைத்தது கிணறு, இரைத்தது மூச்சு.

இறைத்தலுக்கு அடுக்களையில் வேலை இல்லை. அங்கே நீர் கீழே போவதில்லை, பலம் கொடுத்து மேலே கொண்டுவரப்படுகிறது. ஏற்றம், மாடு பூட்டி இழுக்கிற கவலை, இன்றைய மோட்டார் எல்லாவற்றுக்கும் இறைத்தல் பொருந்தும். அதே கிணற்றில் கயிறும் வாளியும் போட்டுக் குடிக்கத் தண்ணீர் எடுத்தால் பல ஊர்களில் அது ‘சேந்துவது’. கொங்குப் பக்கம் அந்தக் கிணற்றுக்கே சேந்துகிணறு என்று பெயர். யாழ்ப்பாணத்தில் கிணற்றில் தண்ணீர் அள்ளுவார்கள், தோட்டத்துக்கு இறைப்பார்கள். தொட்டியிலிருந்து சொம்பை முக்கி எடுத்தால் மொள்ளுவது.

இந்த வேறுபாடெல்லாம் செய்தி நடையில் காணாமல் போகிறது. சுரங்கப்பாதையில் தேங்கிய நீரும் ‘வெளியேற்றப்பட்டது’, வயலில் நின்ற நீரும் ‘வெளியேற்றப்பட்டது’. மோட்டார் வைத்தால் இறைத்தார்கள், வாய்க்கால் வெட்டிவிட்டால் வடித்தார்கள் என்று இரண்டே சொல்லில் நடந்தது என்ன என்று தெரிந்துவிடும்.

மரத்துக்கு வந்தால் சொற்கள் இன்னும் பிரியும். பனையில் பாளையைச் சீவிக் கலயம் கட்டி எடுப்பதைக் கள் ‘இறக்குதல்’ என்கிறோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். யாழ்ப்பாணத்தில் தொழிலின் முதல் வேலையே பெயராகி, கள் ‘சீவுதல்’ என்பார்கள். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத்தில் பால் ‘வெட்டுவார்கள்’. பட்டையில் கத்தி போடுவதிலிருந்து வந்த சொல் அது. செய்தித்தாள்கள் ‘பால் வடிப்பு’ என்றும் எழுதுகின்றன. பசுவிடம் கறக்கிறோம். மனிதரிடமும் கறக்கிறோம், பணத்தை.

இனி உங்கள் வடை. இங்கே சறுக்கல் சொல்லில் இல்லை, இலக்கணத்தில் இருக்கிறது. ‘வடிந்து’ என்றால் தானாக நடப்பது, ‘வடித்து’ என்றால் நாம் செய்வது. வெள்ளம் வடிந்தது, சீழ் வடிகிறது, கஞ்சியை வடித்தாள். நாம் கரண்டியைச் சட்டிக்கு மேலே ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவ்வளவுதான்; எண்ணெய் தானாகச் சொட்டிக்கொள்கிறது. அதனால் ‘எண்ணெயை வடியவிட்டு வடையை எடுக்கவும்’ என்று மாற்றுங்கள். சோற்று வரி ‘கஞ்சியை வடிக்கவும்’ அல்லது ‘சோற்றை வடிக்கவும்’. எப்படிப் போட்டாலும் மாமியார் ஒப்புக்கொள்வார்.