பம்ப்புக்கும் நாட்டுப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: கோவை கணபதியில் பம்ப் பட்டறை வைத்திருக்கிறோம். துபாய் வியாபாரி ஒருவர் கெமிக்கல் ஆலைக்கு என்று 40 பம்ப் கேட்கிறார். கஸ்டம்ஸ் ஏஜெண்ட், "ஸ்கோமெட் லைசென்ஸ் வேணுமான்னு பார்த்துக்குங்க" என்கிறார். பம்ப்புக்கு எதுக்குங்க பாதுகாப்புச் சட்டம்?

பதில்: தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற வார்ப்பிரும்பு பம்ப் என்றால் இந்தக் கேள்வியே எழாதுங்க. கெமிக்கல் பம்ப் அப்படியில்லை. பூச்சிமருந்து ஆலையில் அமிலத்தைத் தாங்கி ஓடுகிற அதே பம்ப், நச்சு வாயு தயாரிக்கவும் உதவும்.

பேரழிவு ஆயுதத்துக்கான பொருள் நம் மண்ணிலிருந்து தவறான கைக்குப் போகக்கூடாது என்பது அரசின் கொள்கை. ஆனால் தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னரை நிறுத்த வெறும் கொள்கை போதாது, சட்டம் வேண்டும். இதற்கு ஒவ்வொரு நாடும் சட்டம் போட வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2004-ல் 1540-ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. மறு வருடமே நாம் பேரழிவு ஆயுதத் தடைச் சட்டம் போட்டோம். 1992-ன் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்திலும் 2010-ல் இதற்கென்றே ஓர் அத்தியாயம் சேர்ந்தது. இவற்றின்படி கட்டுப்படுத்தப்படும் பொருள்களின் பட்டியல்தான் ஸ்கோமெட்.

சரி, உங்கள் டிராயிங்கை எடுங்கள். எம்.ஓ.சி. (எந்தப் பொருளால் செய்தது) என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். இரட்டை சீல் (திரவம் கசியாமல் தடுக்கும் அடைப்பு) அல்லது சீல் இல்லாத பம்ப்பாக இருந்து, மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் தள்ளி, திரவம் படுகிற பரப்புகள் எல்லாம் ஹாஸ்டலாய் (நிக்கல் அதிகமுள்ள கலப்பு உலோகம்), டைட்டானியம், டெஃப்ளான் லைனிங் போன்றவற்றில் இருந்தால் லைசென்ஸ் தேவைப்படும். சாதாரண 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம்தான், அது இந்த உலோக வரம்புக்குள் வராது. பட்டியல் அவ்வப்போது மாறும். டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) இணையதளத்தில் இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், விண்ணப்பமும் அங்கேதான்.

பல அமைச்சகங்கள் சேர்ந்து பரிசீலிப்பதால் நாள் பிடிக்கும், டெலிவரி தேதியை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். வியாபாரியின் கடிதத்தோடு விடாமல், பம்ப் ஓடப்போகும் ஆலையிடமிருந்தே இறுதிப் பயனாளர் சான்றிதழ் கேளுங்கள். ஆலையின் பெயரைச் சொல்லவே தயங்குகிறாரா? என்னைக் கேட்டால் அந்த ஆர்டரே வேண்டாம். பட்டியலில் இல்லாத பொருளானாலும், ஆயுதத்துக்கு என்று தெரிந்தே அனுப்பினால் குற்றம்தான், ஜெயில் வரை போகும்.

அப்புறம் ஒன்று. கட்டுப்பாட்டுக்குள் வரும் பம்ப்பின் தயாரிப்பு டிராயிங்கை மெயிலில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். லைசென்ஸ் விஷயம் முடிவாகும்வரை விலைப்பட்டியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.