கறுப்பு அங்கியா, வெள்ளை அங்கியா? இங்கிலாந்தின் மடாலயப் பேய்கள்: கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தில் இடிந்த மடாலயம் என்று ஒன்று இருந்தால் அங்கே துறவி ஒருவரின் பேயும் இருந்தே தீருமா?

அதை மன்னர் எட்டாம் ஹென்றியிடம்தான் கேட்க வேண்டும். 1536இல் தொடங்கி 1540க்குள் சுமார் 800 மடங்களை இழுத்து மூடினார். கூரை ஈயத்தை உருக்கி எடுத்தார்கள், மணிகளை விற்றார்கள், மிச்சமிருந்த கல்லை ஊர்க்காரர்கள் அள்ளிப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள். கிளாஸ்டன்பரி மடத்தலைவர் ரிச்சர்ட் வைட்டிங்கை, வயதானவர் என்றும் பாராமல், 1539இல் ஊருக்குப் பக்கத்துக் குன்றின்மேல் தூக்கிலிட்டார்கள். பெரும்பாலான துறவிகள் என்னவோ ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்கள். ஆனால் ஓய்வூதியம் வாங்கியவரைப் பற்றி யார் பேய்க்கதை சொல்வார்கள்?

கேள்வி: அப்படியானால் மடங்கள் நன்றாக நடந்த காலத்தில் பேயே இல்லையா?

தாராளமாக இருந்தன. எனக்கு மிகவும் பிடித்ததும் அந்தக் காலத்துப் பேய்கள்தான்.

யார்க்‌ஷயரில் பைலண்ட் என்றொரு மடம். 1400 வாக்கில் அங்கிருந்த துறவி ஒருவர், பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் எழுத்துகள் அடங்கிய பழைய ஏட்டில் காலியாகக் கிடந்த பக்கங்களில், சுற்றுவட்டாரத்துப் பேய்க்கதைகள் பன்னிரண்டை லத்தீனில் எழுதி வைத்தார். அதில் ஸ்னோபால் என்ற தையல்காரர் ராத்திரி குதிரையில் வீடு திரும்புகிறார். காகம் போல ஒன்று பறந்து வந்து அவரைத் தாக்குகிறது. அதன் விலாவிலிருந்து தீப்பொறி பறக்கிறது. பிறகு அதுவே கழுத்தில் சங்கிலியோடு நாயாக வந்து நிற்கிறது. என்ன வேண்டும் என்று கேட்டால், பாவமன்னிப்பும் 180 பூசையும் வேண்டுமாம்! தையல்காரர் அலைந்து திரிந்து பூசைக்கு ஏற்பாடு செய்கிறார், மன்னிப்பை எழுதி வாங்கி, பேயாக வந்த ஆளின் கல்லறையில் புதைக்கிறார். ஆவி கரையேறிவிடுகிறது.

எல்லாப் பேயும் இவ்வளவு மரியாதையாக வரவில்லை. கெர்பி ஊரில் பாதிரியாராக இருந்து பைலண்டில் அடக்கமான ஜேம்ஸ் டாங்கர்லே, இரவில் எழுந்து பழைய ஊருக்கே போய், முன்பு தன்னோடு வாழ்ந்த பெண்ணின் கண்ணைப் போக்கிவிட்டாராம். மடத்தலைவர் சவப்பெட்டியைத் தோண்டியெடுத்து கோர்மையர் ஏரியில் போடச் சொல்கிறார். வண்டி மாடுகள் பயத்தில் மூழ்கிப்போகத் தெரிந்தன. இதை எழுதி முடித்த கையோடு அந்தத் துறவி, பெரியவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன், இதனால் எனக்கு எந்த ஆபத்தும் வரக்கூடாது என்று ஒரு வேண்டுதலையும் சேர்த்துவிடுகிறார். ஆளுக்கு உள்ளூர நடுக்கம்.

கேள்வி: 180 பூசையா? நம்மூரில் திதி கொடுப்பது போல இருக்கிறதே.

கிட்டத்தட்ட அதேதான். செத்தவர் உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது பாவம் தீரும்வரை ஆன்மா காத்துக்கிடக்கும் இடத்தில், கிடந்து வாடுகிறார், உயிரோடிருப்பவர் பூசை வைத்தால் மீட்சி. அந்தக் காலத்துப் பேய் மனு கொடுக்க வரும், மடம் அதைத் தீர்த்துவைக்கும். பிறகு வந்த புராட்டஸ்டண்ட் சபை உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது என்று சொல்லிவிட்டது. மனு வாங்க ஆளில்லை, மடமும் இல்லை. அதற்குப் பின்வந்த கதைகளில் பேயாக அலைவது துறவிகளே. அவர்கள் எதையும் கேட்பதுமில்லை, சும்மா நடந்து மறைகிறார்கள்.

கேள்வி: கன்னியாஸ்திரியை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசினார்கள் என்பது நிஜமா?

இங்கிலாந்தில் அப்படித் தண்டித்ததற்கு ஆதாரமில்லை. தாமாகவே விரும்பி, தேவாலயச் சுவரை ஒட்டிய அறையில் ஆயுள் முழுக்க அடைந்து ஜெபித்தவர்கள் உண்டு. நாரிச் நகரத்து ஜூலியன் அப்படிப்பட்டவர். சாப்பாடு, பேச்சு எல்லாம் ஜன்னல் வழியே. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1808இல் எழுதிய ‘மார்மியன்’ என்ற கவிதையில் ஒரு கன்னியாஸ்திரியைச் சுவருக்குள் அடைக்க, அது ஊரெல்லாம் பரவிவிட்டது.

எஸ்ஸெக்ஸில் போர்லி பாதிரியார் இல்லத்துக் கதையும் இதே ரகம். வீடு கட்டியது 1860களில். அங்கே முன்பு மடம் இருந்தது, துறவியும் கன்னியாஸ்திரியும் ஓடிப்போகப் பார்த்தார்கள் என்பார்கள். அப்படி ஒரு மடமே அங்கு இருந்ததில்லை. ஆனாலும் 1900இல் பாதிரியாரின் மகள்கள் நால்வர் தோட்டத்தில் அந்தக் கன்னியாஸ்திரியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 1929இல் ஒரு நாளிதழ் ஹாரி பிரைஸ் என்ற பேய் ஆராய்ச்சியாளரைக் கூட்டிவந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்! 1939இல் வீடு எரிந்தது. பிரைஸின் வேலையை அலசி 1956இல் வந்த அறிக்கை, அவரையே சந்தேகித்தது.

கேள்வி: தேவாலயக் கதவில் கறுப்பு நாயின் நகத்தடம் இருக்கிறதாமே?

சஃபோக்கில் பிளைத்பரோ. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு ஆராதனை நேரத்தில் பெரும் புயல். கோபுர உச்சி சரிந்தது, உயிர்ச்சேதமும் ஆனது. இடி விழுந்தது என்று இன்று படிக்கிறோம், அன்று பிசாசு நாய் என்றார்கள். வடக்குக் கதவில் விரல் நீளத்துக்குக் கரிந்த தழும்புகளை இப்போதும் பார்க்கலாம். மெழுகுவர்த்திச் சுடரால் வேண்டுமென்றே சுட்ட தடங்கள் பழைய கட்டடங்களின் மரவேலைகளில் நிறைய உண்டு. இதுவும் அப்படி இருக்கலாம்.

கேள்வி: மடத்திலிருந்து ஊருக்கு ரகசியச் சுரங்கம்?

சாக்கடை. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி மடத்தில் ஆள் நடக்கிற அளவு பெரிய வடிகால் ஒன்று கிடைத்திருக்கிறது.

கேள்வி: கதை பிற்காலத்தில் கட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அங்கியின் நிறத்தைக் கேளுங்கள். துறவற சபைக்குச் சபை நிறம் மாறும்: பெனடிக்டின் துறவிகளுக்குக் கறுப்பு, சிஸ்டர்சியன்களுக்கு வெள்ளை. பைலண்ட், ஃபவுண்டன்ஸ் போன்ற சிஸ்டர்சியன் மடத்தில் கறுப்புத் துறவியைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் வேறு எங்கோ கேட்டதைச் சொல்கிறார். நியூஸ்டெட் மடத்துக் கறுப்பு அங்கிப் பேய் இந்தச் சோதனையில் தேறிவிடும், அங்கிருந்த அகஸ்டினியர்களுக்குக் கறுப்பு மேலங்கிதான். பிறகு வீடாக மாறிய அந்த மடத்தின் வாரிசான கவிஞர் பைரன், 1815 கல்யாணத்துக்கு முன் அதைப் பார்த்ததாகச் சொன்னார். கல்யாணம் ஒரு வருடம்தான் ஓடியது. ஆனால் தோட்டத்தில் கிடைத்த மண்டையோட்டை மதுக்கோப்பையாக்கிக் குடித்த ஆசாமி அவர், சாட்சியத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு இடம் போக முடியும் என்றால்?

பைலண்ட். தரையில் பச்சையும் மஞ்சளுமாக அந்தக் காலத்து ஓடுகள் இன்னும் பதிந்திருக்கின்றன. சில மைல் தள்ளி கோர்மையர் ஏரி. அந்த ஏடு மட்டும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. லத்தீன் மூலத்தைப் பேய்க்கதை எழுத்தாளர் எம்.ஆர். ஜேம்ஸ் 1922இல் அச்சிட்டார், ஆங்கில மொழிபெயர்ப்புகளும் கிடைக்கின்றன. தையல்காரர் கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.