பாரம்பரியக் கத்தோலிக்கக் குடும்பஸ்தரின் அன்றாட வாழ்க்கையும் பயணங்களும் எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர், 'நாள் முழுக்கச் செபம், விடுமுறை விட்டால் வேளாங்கண்ணி, இவ்வளவுதானா?' என்றும் சேர்த்திருக்கிறார். பாதி சரி. நான் தூத்துக்குடிக்காரன், ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

செபத்துக்கு ஆகும் நேரம் உண்மையில் கொஞ்சம்தான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் செபமாலை உருட்டிச் சொல்லும் 53 மணிச் செபம், பிறகு மாதா பிரார்த்தனை. அரை மணியில் முடிந்துவிடும். செபமாலையின் ஐந்து பகுதிகளான தேவ இரகசியங்களில் நான்காவதற்குள் சின்னவன் தூங்கிச் சரிந்துவிடுவான். அவனை எழுப்பக் கூடாது என்பது என் கட்சி. என் மனைவி எதிர்க்கட்சி. முடிந்ததும் பிள்ளைகள் தோத்திரம் சொல்லி வந்து நிற்க, என் அம்மா அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார்.

வீட்டை நடத்துவது நாள்காட்டி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே பெண் பார்க்கும்போதே, அது தொடங்கும் சாம்பல் புதன் என்றைக்கு வருகிறது என்று பார்த்துவிடுவோம். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவரும் ஓலை வருடம் முழுக்க மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். அடுத்த தவக்காலத்துக்கு முன் அதைக் கோயிலில் கொடுத்தால், எரித்த சாம்பல், சாம்பல் புதனன்று நம் நெற்றிக்கே திரும்பி வரும்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் சுவாரசியமானது. திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசன நாளில் இறைச்சிதான் விலக்கு, மீன் சாப்பிடலாம். ரோமாபுரியில் அது தவமாக இருக்கலாம். சீலா மீன் கரையேறும் ஊரில், கறி வேண்டாம், மீன் குழம்பு போதும் என்பதற்குப் பெயர் விருந்து. அதனால் அம்மா தவக்கால வெள்ளிகளில் மீனையும் ஒழித்துவிட்டார். சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு, 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் கட்டாயம். எழுபதைத் தாண்டிய அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பயணத்துக்கு வருகிறேன். ஆம், வேளாங்கண்ணி உண்டு. ஆனால் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நான் அந்தப் பக்கம் போவதில்லை. அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் கையைப் பிடிப்பதைத் தவிர வேறு பக்தி செய்ய முடியாது. அதைவிட, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் வழியில் தொண்டிப் பக்கம் இருக்கும் ஓரியூர்தான் எனக்குப் பிடித்த இடம். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர், அதாவது போர்ச்சுகலிலிருந்து வந்த குருவான புனித ஜான் டி பிரிட்டோ, வெட்டுண்டு இறந்த ஊர். அவர் இரத்தத்தால் சிவந்தது என்று அங்குள்ள செம்மண்ணை மக்கள் பொட்டலம் கட்டி எடுத்துப் போவார்கள். அவர் சாவுக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. ஞானஸ்நானம் கேட்ட தடியத்தேவர் என்ற மறவர் தலைவரிடம், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. அவருடைய முறையீடு மரண தண்டனையில் முடிந்தது. இதை மகளிடம் சொன்னபோது, "அந்த மற்ற அம்மாக்கள் பிறகு எங்கே போனார்கள், அப்பா?" என்று கேட்டாள். எந்தப் பிரசங்கத்திலும் அதற்குப் பதில் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கோவாவுக்கு விடுப்புக் கேட்டபோது அலுவலகமே அர்த்தத்தோடு சிரித்தது. நாங்கள் போனது பழைய கோவாவில் வரிசையில் நிற்க. புனித சவேரியாரின் உடலைப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மக்கள் காண வைக்கிறார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை வைத்தார்கள். 1542இல் எங்கள் கடற்கரைக்கு வந்து எங்கள் முன்னோருக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தவரைப் பார்க்காமல் விட முடியுமா? கடற்கரைக்கும் போனோம். கடல் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், வந்த கொஞ்ச நேரத்திலேயே பசிக்கிறது என்றார்கள்.

ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை மட்டும் எங்களை எந்த வெளியூர்க் கல்யாணத்துக்கும் அழைக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பனிமய மாதா திருவிழா. 1713இல் கட்டிய கோயிலைச் சுற்றி ஊரே கூடும். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் உறவினர்கள் வந்து எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். நீங்களும் வரலாம். அறைகள் நிரம்பிவிடும், மொட்டைமாடியில் பாய் விரித்துத் தருகிறேன்.