பெட்டியைத் திறக்கும் முன்: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

2018-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 எட்டாம் தலைமுறை, 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து வேலை தொடங்க ஐந்து நிமிடம் ஆகிறது. ஒரு கடையில் ரேம் போடச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் எஸ்.எஸ்.டி. போடச் சொல்கிறார்கள். பேசாமல் புதிதே வாங்கிவிடலாமா?
வாசகி, திண்டுக்கல்

புதிது வேண்டாம். இரண்டு கடைக்காரர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். முதலில் எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, சிப்பிலேயே ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்), அதற்குப் பிறகு ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்).

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப் திணறும் நேரத்தில் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்தால், கோளாறு ஹார்ட் டிஸ்கில். உள்ளே நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டின் மேல் ஒரு ஊசிக்கை இங்கும் அங்கும் ஓடித்தான் ஃபைல்களைப் படிக்கிறது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் விநாடிக்கு நூறு இடங்களைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். விண்டோஸ் எழுந்திருக்க அப்படி ஆயிரக்கணக்கான ஃபைல்களைப் படித்தாக வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் ஓடும் பாகமே கிடையாது. தவிர, 4 ஜி.பி. ரேம் நிரம்பியதும் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்கில்தான் கொண்டுபோய் வைக்கிறது. ஆகவே டிஸ்கை மாற்றினால் ரேம் பற்றாக்குறையின் வலியும் பாதி குறைந்துவிடும்.

எந்த எஸ்.எஸ்.டி. என்பதில்தான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். 2.5 அங்குல சாட்டா வகை (ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் அதே இணைப்பு முறை), பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே அப்படியே உட்காரும்; குழப்பமே இல்லை. சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகையில் இரண்டு ஜாதி உண்டு: சாட்டா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. தங்க நிறப் பற்கள் இருக்கும் விளிம்பில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ., இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. உங்கள் காலத்து லேப்டாப்கள் சிலவற்றில் எம்.2 ஸ்லாட் இருந்தாலும் அது சாட்டாவை மட்டுமே ஏற்கும். என்.வி.எம்.இ. அதில் அழகாகப் பொருந்தும், ஆனால் பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) பெயரே வராது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சாட்டா விநாடிக்குச் சுமார் 550 எம்.பி., என்.வி.எம்.இ. 3,500 எம்.பி. என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏங்க வேண்டாம். பிரவுசர், டாலி, வேர்டு வேலைக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறு டிரைவில் காப்பி எடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை ஸ்க்ரூவின் குழியில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும். ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே ஸ்க்ரூவை செல்லோடேப் போட்டு ஒட்டி வையுங்கள். எம்.2 என்றால் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, முனையில் ஒரு குட்டி ஸ்க்ரூ போட வேண்டும். அந்த ஸ்க்ரூ எஸ்.எஸ்.டி. பெட்டியில் பெரும்பாலும் வராது. கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்காக அலைய வேண்டியிருக்கும்.

ரேமுக்கு: டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, வேகம் என்ன என்று தெரியும். வேகம் 2,133 முதல் 3,200 வரை என்றால் உங்கள் ரேம் டி.டி.ஆர்.4 வகை. டி.டி.ஆர்.3, 4, 5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றொன்றில் ஏறாது, அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் 8 ஜி.பி. ஒன்றைச் சேருங்கள், போதும்.

சென்னை ரிச்சி தெருவில் ஐ7-2600, 16 ஜி.பி. ரேம், விண்டோஸ் 11 போட்ட செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் பார்த்தேன். கொஞ்சம் கூடப் போட்டால் ஐ3-12100 புதிதாகக் கிடைக்கிறது. ஐ7-தானே உசத்தி?
வாசகர், தாம்பரம்

இன்டெல் பிராசஸர்களில் ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் அந்தந்தத் தலைமுறைக்குள் உள்ள வரிசை மட்டுமே. கோடுக்குப் பிறகு வரும் எண்தான் வயதைச் சொல்லும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022. இரண்டிலும் நான்கு கோர்தான். ஆனாலும் அந்த ஐ3, இந்த ஐ7-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேலை செய்யும். மின்சாரமும் குறைவு: 95 வாட்டுக்கு 60 வாட்.

மைக்ரோசாஃப்ட் விதிப்படி விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இரண்டாம் தலைமுறையில் ஓடுகிறது என்றால் சோதனையைத் தாண்டிக் குதிக்க வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவும் 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டது. பழையதுதான் கட்டுப்படியாகும் என்றால் ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறைப் பெட்டியாகத் தேடுங்கள்.

ஐ3 வாங்கினால் எண்ணின் வாலையும் படியுங்கள். 12100எஃப் என்று இருந்தால் விலை குறையும், ஆனால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாமல் மானிட்டரில் ஒன்றும் வராது, மதர்போர்டில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தாலும்தான்.

மின்சாரம் போய் வந்தால் தேதி 2018-க்குப் போய்விடுகிறது. பேங்க் வெப்சைட் திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கை. வைரஸா?
வாசகர், ஈரோடு

மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. 2018-இல் நிற்கும் உங்கள் கம்ப்யூட்டரின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

வாங்க வேண்டியது சி.ஆர்.2032, 3 வோல்ட். சி.ஆர்.2025 என்ற செல்லைக் கொடுத்து இதுவும் ஒன்றுதான் என்பார்கள், வாங்காதீர்கள். முதல் இரண்டு எண் விட்டம், 20 மில்லிமீட்டர். கடைசி இரண்டு கனம். 3.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 2.5 போட்டால் லொடலொடவென்று ஆடும். கழற்றும் முன் பயாஸ் பக்கங்களை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். செல்லை எடுத்ததும் செட்டிங் எல்லாம் ஆதி நிலைக்குப் போகும். சாட்டா மோடு (டிஸ்குடன் பேசும் முறை) மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். படத்தில் இருந்தபடி திருப்பி வைத்தால் சரியாகும்.

வெறுங்காலில் சி.பி.யு. பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது. பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் அப்படியே.
வாசகி, நாகர்கோவில்

எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குக் குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அதில் கசிவது எர்த் வழியாகப் போக வேண்டும். வழி இல்லாததால் பெட்டி 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கிறது. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. ஆனால் எர்த் உள்ள டி.வி.யோடு எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகினால் போர்ட் கருகலாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வேறு கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள். மேலே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டே ஒயர் என்பது சகஜம். அது சரியாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பிளக் பாயிண்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் அளவுக்கே வர வேண்டும். எர்த்தையும் நியூட்ரலையும் பாயிண்டிலேயே இணைத்துவிடலாம் என்று அவர் சொன்னால் கண்டிப்பாகச் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்த அன்றைக்குப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

1 டி.பி. டிரைவ், 931 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
வாசகர், மதுரை

இல்லை. ஒரு லட்சம் கோடி பைட்டை 1 டி.பி. என்று கம்பெனி சொல்கிறது. விண்டோஸ் 1,024-ஆல் வகுத்துக்கொண்டே போய் 931 என்கிறது. ஏமாற்று வேலை வேறு இடத்தில் நடக்கிறது: சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென் டிரைவ். உள்ளே 32 ஜி.பி. சிப் இருக்கும், கணக்கு மட்டும் 2 டி.பி. காட்டும். நிரம்பிய பிறகு போடும் ஃபைலுக்குப் பெயர் இருக்கும், திறக்காது. அப்படி ஒன்று கையில் இருந்தால் விளிம்பு வரை வீடியோக்களை நிரப்பி, டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகி, கடைசியாகப் போட்டதைத் திறந்து பாருங்கள்.