மாங்கன்றின் அடிப்பட்டையைக் கடிப்பது எது?

மருந்து அப்புறம். முதலில் வைக்கோல் மூடாக்கைத் தண்டிலிருந்து ஓரடி தள்ளிவிட்டு, கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைச் சுற்றிக் கட்டுங்கள். மண்ணுக்குள் அரையடி, மேலே ஒன்றரையடி. வலை தண்டில் உரசக் கூடாது.

காரைக்குடிப் பக்கம் செம்மண் தோட்டம், ஒட்டு மாங்கன்றில் தரையோடு பட்டை போகிறது, புல்தரையில் வளைகள் என்கிறீர்கள். அநேகமாகப் பெருச்சாளி அல்லது வெள்ளெலி. வைக்கோல் அதற்கு நல்ல மறைவு. கடித்த இடத்தை உற்றுப் பாருங்கள்: அருகருகே இரண்டிரண்டு பல் தடம் இருந்தால் எலிதான். மண் பூச்சு இருந்தால் கரையான். அதற்கு வைத்தியம் வேறு.

சாயங்காலம் எல்லா வளைகளையும் ஈரமண்ணால் அடையுங்கள். காலையில் திறந்திருப்பதில்தான் எலி குடியிருக்கிறது. அந்த வளையின் வாயில் மட்டும் கருவாட்டுத் துண்டோடு பொறி வையுங்கள், போதும்.

சிங்க் பாஸ்பைடு என்ற எலி விஷம் தயவுசெய்து வேண்டாம். நம் பக்கம் மயில்கள் தோட்டத்துக்குள்ளேயே மேய்கின்றன. சிதறிய விஷத் தீனியைத் தின்றால் செத்துப்போகும்.

இன்னொன்று. பட்டை முழுச் சுற்றும் போயிருந்தால் வலை கட்டியும் அந்தக் கன்று தேறாது. ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் அது வேர்க்கன்றின் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் கன்றின்) துளிர், நீங்கள் வாங்கிய ரகம் அல்ல. வேறு கன்று வைத்துவிடுங்கள்.